சொரசொர அண்ணாச்சியும் கண்ணாடி சிலிண்டரும்

பளபளப்பாக ஒரு பொருளைக் கண்டால் மும்பையில் எல்லோருக்கும் முகம் மலரும். ஒரே ஒருவருக்கு மட்டும் கோபம் வரும். அவர்தான் எங்கள் சொரசொர அண்ணாச்சி. ஷோரூம் வாசலில் நிற்கும் புதுக் கார், கல்யாண மண்டபத்துக் கிரானைட் படி, லிஃப்டுக்குள் பதித்த எவர்சில்வர் தகடு, எதுவானாலும் சரி, நின்று ஒரு தடவை தடவிப் பார்ப்பார். "இம்புட்டு மினுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். கேள்வி யாரைப் பார்த்து என்பது கடைசிவரை தெரியாது. ஒருமுறை லிஃப்டுக்குள் இருந்த ஒரு பெண்மணி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தவர், அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடியிலேயே இறங்கிவிட்டார்.

தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், வண்டி இஞ்சின்களைப் பிரித்துச் சரிசெய்யும் ஒர்க்‌ஷாப் ஒன்று இருந்தது. அதில் அண்ணாச்சி மூத்த மெஷின்காரர்; நான் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு போன், ஒரு கம்ப்யூட்டர், தலைக்கு மேல் தகரம். நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். ஃபோர்ட் என்கிற கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்துச் சொச்சம் வருஷம் உட்கார்ந்து லெட்டர் டைப் அடித்தவள். லாக்டவுனில் அந்தக் கம்பெனி பூட்டிக்கொண்டது. ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்கு வேலை தர யாரும் முன்வராத காலத்தில், இந்த ஒர்க்‌ஷாப் முதலாளி கூப்பிட்டுக் கொடுத்தார்.

அண்ணாச்சிக்கும் ஏறக்குறைய என் வயதுதான். முதல் நாளே என்னை 'டீச்சர்' என்று கூப்பிட்டார். என் மூக்குக்கண்ணாடிதான் காரணமாக இருக்கவேண்டும். நான் டீச்சர் இல்லை, யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்த பழக்கமே கிடையாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பரவால்ல டீச்சர்" என்றார்.

அவருடைய இடது கைக் கட்டைவிரல் நகம்தான் அந்த ஒர்க்‌ஷாப்பின் விலைமதிப்பில்லாத கருவி. அதை ஓரளவு வளரவிட்டு, சீராக ராவி வைத்திருப்பார். எந்த இரும்பையும் அந்த நகத்தால் மெல்ல இழுத்துப் பார்த்து, எவ்வளவு வழவழப்பு, எவ்வளவு சொரசொரப்பு என்று சொல்லிவிடுவார். முதலாளி ஒரு முறை அளவு பார்க்கும் கருவியைக் கடனாக வாங்கி வந்து சோதித்தார். கருவியும் நகமும் ஒத்துப்போயின. அண்ணாச்சி கருவியைப் பார்த்துத் திருப்தியோடு, "நல்ல மெஷின்தான்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அந்த நகத்துக்கு அவர் கொடுத்த பாதுகாப்பு ஒரு மந்திரிக்குக்கூடக் கிடைக்காது. முலுண்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு லோக்கல் ரயிலில் போகும்போது, நெரிசலில் நகம் உடைந்துவிடக்கூடாதே என்று அந்தக் கட்டைவிரலை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஸயனிலிருந்து முலுண்டுவரை அந்த நிலைதான். பெட்டியில் சண்டை போட்ட இரண்டு பேர், இந்த ஆள் தங்களில் யாருக்குச் சபாஷ் சொல்கிறார் என்று தெரியாமல் சண்டையை நிறுத்திவிட்டு அவரைக் கேட்டார்களாம்.

இஞ்சின் விஷயம் எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அவர் சொல்லித்தான் தெரியும். சிலிண்டர் என்பது ஒரு இரும்புக் குழாய். அதற்குள் பிஸ்டன் ஓயாமல் ஏறி இறங்குகிறது. நடுவில் மெல்லிசாக எண்ணெய் இருக்கும்வரை இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளாது. சுவர் ரொம்பக் கரடாக இருந்தால் அதன் முனைகள் எண்ணெயைத் துளைத்துக்கொண்டு வந்து பிஸ்டன் வளையத்தைத் தின்றுவிடும். சரி, அப்படியானால் கண்ணாடி மாதிரி தேய்த்துவிட்டால் நல்லதுதானே என்று எல்லோருக்கும் தோன்றும். அங்கேதான் அண்ணாச்சி குறுக்கே வருவார்.

"எண்ணெய் விருந்தாளி மாதிரி டீச்சர். பாய் விரிச்சாத்தான் உக்காரும். வழுக்குத் தரையில எப்படி உக்காரும்? வந்த வழியே போயிரும்."

பாய் என்று அவர் சொன்னது, சிலிண்டரின் உட்சுவரில் சாணைக்கல்லைச் சுழற்றி மேலும் கீழும் ஓட்டி அவர் போடும் மெல்லிய குறுக்குக் கோடுகளை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி இருக்கும். அந்தக் கோடுகளுக்குள் எண்ணெய் தங்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் சுவரில் ஒரு சொட்டு எண்ணெயை விட்டு, வண்டியின் சொந்தக்காரரையும் பக்கத்தில் நிறுத்தி, அது ஒழுகி ஓடுகிறதா, பரவி நிற்கிறதா என்று பார்க்கவைப்பார். பத்து நிமிஷம். அவசரக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தால், மரியாதை இல்லாதவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். சொட்டு நின்றுவிட்டால், "உக்காந்துட்டு" என்பார், குழந்தையைத் தூங்கவைத்த குரலில்.

இதனால் வந்த பெயர்தான் சொரசொர அண்ணாச்சி. அதில் அவருக்கு வருத்தம் உண்டு. "நான் சொரசொரப்புக்காரன் இல்ல டீச்சர், அளவுக்காரன்" என்று பல தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் 'அளவு அண்ணாச்சி' என்று கூப்பிட்டால் தையற்காரர் என்று நினைத்துவிடுவார்களே.

அவருடைய மகள் கல்யாணம் நிச்சயமான கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாப்பிள்ளை வீடு செம்பூரில். போகும்முன் மனைவி சத்தியம் வாங்கியிருந்தார்: எதையும் தடவக்கூடாது, நகத்தை வெளியே எடுக்கவே கூடாது. அண்ணாச்சியும் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடியே உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. பேச்சு வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, தனக்கு முழங்கால் மாற்றிப் போட்டு ஆறு மாதம் ஆகிறது என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். அண்ணாச்சி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

உள்ளே வைத்தது இரும்பா, வேறேதாவதா, எதிரே உரசுவது எது, மினுக்கா, மழுக்கா, எண்ணெய்க்கு என்ன வழி, டாக்டர் அதையெல்லாம் சொன்னாரா என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். ஆனால் அந்த மனிதரிடம் ஆறு மாதமாக எல்லோரும் "வலி எப்படி இருக்கு" என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். முழங்காலைப் பற்றி இவ்வளவு மரியாதையாக ஒருவரும் விசாரித்ததில்லை. அவர் எழுந்து போய் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்கள். அண்ணாச்சி வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பளபளப்பை மன்னித்தார்: உடம்பு தானே எண்ணெய் ஊறவைத்துக் கொடுக்கும் இடத்தில் மினுக்கு இருக்கலாமாம். பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் சரியாகப் பார்ப்பதற்குள் சம்பந்திகள் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிமேல் சொல்லவேண்டியது நான் செய்த காரியம்.

ஒர்க்‌ஷாப்புக்கு வாட்ஸப்பில் ஒரு பக்கம் தயார் செய்தேன். முடித்த வேலைகளைப் படம் எடுத்துப் போடுவது என் பொறுப்பு. அண்ணாச்சி முடித்த சிலிண்டர்களைப் படம் எடுத்தால் சாம்பல் பூசினமாதிரி இருந்தது. பக்கத்துச் சந்தில் இன்னொரு ஒர்க்‌ஷாப்காரர் போட்ட படங்களோ வெள்ளிக் கிண்ணம்போல் மின்னின. இரண்டு வாடிக்கையாளர்கள் அங்கே போய்விட்டார்கள். கோட்டைக் கம்பெனியில் கற்ற வித்தையெல்லாம் எனக்குள் விழித்துக்கொண்டது. நம் சிலிண்டரையும் மின்னவைக்கலாமே என்று முதலாளியிடம் சொன்னேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளமாட்டார் என்றார் அவர். ஒத்துக்கொள்ளத்தான் இல்லை. முகம் பார்க்கவா வண்டி ஓட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டு, ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்று பத்து நாள் லீவில் திருநெல்வேலிக்கு ரயில் ஏறிவிட்டார்.

அவர் போன மறுநாள் டிரைவர் தங்கராஜின் வேன் வந்தது. சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஐந்து பேரைத் தாராவியிலிருந்து ஏற்றிக்கொண்டு, வாரத்துக்கு மூன்று நாள் செம்பூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேன் அது. மண்டல் என்று சொல்லும் வட்டாரச் சங்கத்தார் அதற்காக அமர்த்தியிருந்தார்கள். இன்னொரு மெஷின்காரர் அந்த இஞ்சினை எடுத்தார். அண்ணாச்சியின் வழக்கப்படியே அவரும் கோடு போட்டு முடித்தார். நான் போய் நின்று, இதற்குமேல் நைஸ் எமரித்தாளும் பாலிஷ் பேஸ்டும் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். அவர் தயங்கினார். முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். பேசவில்லை, படத்தைப் பார்த்தால் அவரே மகிழ்ந்துபோவார் என்று இருந்துவிட்டேன்.

படம் பிரமாதமாக வந்தது. சிலிண்டருக்குள் என் மூக்குக்கண்ணாடிகூடத் தெரிந்தது. பாராட்டு அடையாளங்கள் குவிந்தன. நான்கைந்து நாளில் தங்கராஜ் போன் செய்து, வண்டி நீலமாகப் புகை விடுகிறது, எண்ணெய் குடிக்கிறது என்றார். புது வேலை, ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று பதில் சொன்னேன். எனக்கு அதைப்பற்றி ஒரு அட்சரம் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை, ஸயன் சிக்னலைத் தாண்டியதும் வேனின் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. உள்ளே ஐந்து பேர். ஒருவருக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தங்கராஜ் நடுரோட்டில் நின்று மூன்று ஆட்டோவை மறித்து அவர்களை ஏற்றி அனுப்பினார். நேரம் தவறினால் அன்று டயாலிசிஸ் மெஷின் கிடைக்காது. நல்லவேளை, ஆஸ்பத்திரிக்காரர்கள் காத்திருந்தார்கள். வேனைக் கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள்.

அதே காலையில்தான் அண்ணாச்சி ஊரிலிருந்து வந்து இறங்கினார். வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு நேரே வந்தவர், பிரித்துப்போட்ட இஞ்சினைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைப் பார்த்தார். குனிந்து, நகத்தை உள்ளே விட்டார். சுவரில் பாதி தூரம் நெடுக்கக் கீறிக் கிடந்தது. கீறாத இடத்தில் நகம் சறுக்கிக்கொண்டு போனது. நிமிர்ந்து எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நான் மட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அணைந்து கிடந்தது.

இதற்குப் பாலிஷ் போட்டது யார் என்று தங்கராஜ் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த இன்னொரு மெஷின்காரர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி பேசிவிட்டார்.

"நான்தான் போட்டேன்."

ஒர்க்‌ஷாப்பில் ஓடிக்கொண்டிருந்த லேத்தை யாரோ நிறுத்தினார்கள். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓய், நீரு ஊர்ல கொடையிலல்லா இருந்தீரு."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "போறதுக்கு முந்தியே போட்டுட்டேன்."

"இந்த இஞ்சின் வந்ததே நீரு போன பெறகுதான."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் முகத்தில் பொய் தேடும் அவஸ்தை அப்பட்டமாகத் தெரிந்தது. வாழ்க்கையில் அதற்கு முன் ஒரு பொய்யாவது சொல்லிப் பழகியிருந்தால் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கமாட்டார். கடைசியில், "கனவுல போட்டிருப்பேன்" என்றார்.

தங்கராஜுக்கு அவ்வளவு கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் சம்சாரம் சருவப்பானையைப் புளி போட்டு விளக்கினாலே சண்டைக்குப் போகிறவர் சிலிண்டருக்குப் பாலிஷ் போட்டாராம், இதைத் தாராவியில் எந்தக் குழந்தை நம்பும் என்று கேட்டார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. எழுந்து நின்றேன்.

"நான்தான் தேய்க்கச் சொன்னேன். போட்டோ நன்னா வரணும்னு. புகை விடறதுன்னு நீங்க போன் பண்ணினப்போ தெரியாமலே பதில் சொன்னதும் நான்தான்."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று தயாராக நின்றவளுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. முதலாளி மட்டும், ஐந்து பேரையும் அடுத்த தடவை எப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முதலில் பார்க்கலாம் என்றார். அண்ணாச்சி பையைக் கீழே வைத்தார்.

"நீங்க ஆளுகளப் பாத்துக்கோங்க டீச்சர். நான் இஞ்சினப் பாத்துக்கிடுதேன்."

அடுத்த இரண்டு தடவையும் ஆட்டோக்கள் பிடித்து அவர்களைக் கூட்டிப்போய், நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்து, திரும்பக் கூட்டிவந்து வீட்டில் விட்டேன். அதுவரை எனக்கு அந்த வேன் ஒரு படம். அப்புறம்தான் அது செல்லையா, முத்தம்மா என்று ஐந்து பேராக ஆனது. தோல் பட்டறையில் வேலை பார்த்த செல்லையா, எங்கள் உடம்பு மாதிரி இரும்புக்கும் தண்ணீர் கோத்துக்கொண்டதா என்று என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணாச்சி கீறல் போகும்வரை சிலிண்டரை இன்னும் கொஞ்சம் அகலமாகக் கடைந்தார். அதற்கேற்ற பெரிய பிஸ்டன் வாங்கிவந்தார்கள். பிறகு சாணைக்கல்லை ஓட்டிக் கோடு போட்டார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். நான் பத்து நிமிஷம் நின்றேன். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சொட்டு மெல்லப் பரவி, அந்தக் கோடுகளுக்குள் இறங்கி நின்றது. ஒரு வார்த்தை அவர் குத்திக்காட்டியிருக்கலாம். "வெளிச்சம் இந்தப் பக்கம் இருந்து வந்தா நல்லாத் தெரியும்" என்று விளக்கைத் திருப்பிப் பிடித்தார், அவ்வளவுதான்.

வண்டியை முதல் இரண்டு வாரம் விரட்டாமல் ஓட்டவேண்டும். புது வளையமும் புதுச் சுவரும் ஒன்றுக்கொன்று பழகவேண்டும். தங்கராஜை நம்பாமல் அண்ணாச்சியே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆமை வேகத்தில் வேன் போக, பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, ஜன்னலில் தலையை நீட்டி, புதுசு அண்ணே, புதுசு என்று இந்தியில், "நயா ஹை பாய், நயா ஹை" எனச் சொல்லி ஸயனிலிருந்து செம்பூர்வரை எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். கார்க்காரர் ஒருவர் வாழ்த்துச் சொன்னாராம். யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்தார் போலிருக்கிறது.

நோயாளிகளுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடத்தில், தொட்டால் விர்ரென்று ஒரு அதிர்வு இருக்கும். செல்லையா தன் கையைக் காட்டி, இதையும் கொஞ்சம் பாருங்கள் என்றார். அண்ணாச்சி நகத்தை மடக்கிக்கொண்டு, உள்ளங்கையை மெல்ல வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லா ஓடுது" என்றார். "சத்தம் சுத்தமா இருக்கு."

செல்லையாவின் முகத்தில் அன்று வந்த தெம்பை எந்த ரிப்போர்ட்டும் கொடுத்ததில்லை என்று முத்தம்மா என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் வண்டி கிளம்புமுன் ஐந்து பேரும் வரிசையாகக் கையை நீட்டுவது வழக்கமாகிவிட்டது.

வாட்ஸப் பக்கத்தில் அந்தப் பளபளப்புப் படத்தை எடுத்துவிட்டு, சாம்பல் நிறக் கோடுகளைக் கிட்டத்தில் படமெடுத்துப் போட்டேன். கீழே என்ன எழுதலாம் என்று அண்ணாச்சியைக் கேட்டேன். 'மினுக்கு வேணுமென்றால் பாத்திரக்கடைக்குப் போகவும்' என்றார். முதலாளி பயந்தார். அப்படியே போட்டேன். போன இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் நிஜமாகவே பாத்திரக்கடை விலாசம் கேட்டார்.

ரொம்ப நாள் கழித்து ஒரு மத்தியானம், அன்று ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். சங்கடப்பட்டார். டீக்கிளாசைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எனக்கு வேலை போச்சுன்னா நாலு பட்டறையில கூப்பிடுவான். ஒங்களுக்கு ஒண்ணு போயி, இப்பதான ஒண்ணு கெடச்சிருக்கு."

நான் உள்ளே போய் ஏதோ கடிதம் டைப் அடித்தேன். அதில் எத்தனை தப்பு இருந்தது என்று எனக்குத் தெரியாது. முதலாளி திருத்தாமலேயே கையெழுத்துப் போட்டார்.

இப்போது நான் அங்கே இல்லை. முழங்கால் வலி வந்து, ஸ்டேஷன் படி ஏற முடியாமல், வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. அண்ணாச்சி அங்கேதான் இருக்கிறார். தங்கராஜின் வேனும் வாரம் மூன்று நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு எனக்கு ஒரு போன் வரும். லேத் சத்தத்துக்கு நடுவே, "டீச்சர், சாப்டாச்சா?" என்று கேட்பார். வேறு எதுவும் பேசமாட்டார். குக்கரை அப்போதுதான் அடுப்பில் ஏற்றியிருந்தால்கூட, "ஆச்சு அண்ணாச்சி" என்றுதான் சொல்வேன். இல்லையென்று சொன்னால், அவர் சாப்பிடப் போகமாட்டார்.